தனியார் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு அரசு தரும் பயிற்சியும் துணையும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டை நிறுவனங்கள், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்கள், தியாகராய நகர் ஜவுளிக் கடைகள் ஆகியவற்றில் செக்யூரிட்டிப் பணியை நடத்துபவர்களும், அந்தப் பணியில் இருக்கும் சூப்பர்வைசர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. அரசின் உதவி ஒரே அலுவலகத்தில் கிடைப்பதில்லை. காவல்துறை, தீயணைப்புத் துறை, திறன் மேம்பாட்டுக் கழகம், மத்தியப் படைகள் எனப் பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது. கேட்டுப் போகிறவருக்குக் கிடைக்கும். கேட்காதவர் வீட்டு வாசலுக்கு அது தானாக வருவதில்லை.

செக்யூரிட்டி வேலையில் சேர்வதற்குப் பயிற்சி கட்டாயமா?

கட்டாயம். பசாரா என்று தொழிலில் உள்ளவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005, உரிமம் இல்லாமல் எவரும் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தக் கூடாது என்றும், பயிற்சி பெறாத ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பயிற்சியின் அளவை மத்திய அரசு 2006இல் வெளியிட்ட மாதிரி விதிகள் வகுத்தன: வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்களில் பரப்பி நடத்தப்பட வேண்டும். பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை, உடற்பயிற்சி, கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாள ஆவணங்களைச் சரிபார்த்தல், வெடிபொருளை அடையாளம் காணுதல், முதலுதவி, சட்ட அறிவு, சாதனங்களைக் கையாளுதல் ஆகியவை பாடத்திட்டத்தில் உண்டு. பயிற்சிக் கூடத்தை உரிமம் வழங்கும் அதிகாரியின் அலுவலகம் ஆண்டுக்கு இரு முறையாவது நேரில் பார்வையிட வேண்டும் என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது.

நடைமுறை வேறு. திங்கட்கிழமை சேர்ந்தவருக்குச் சீருடையும் லத்தியும் கொடுத்துச் செவ்வாய்க்கிழமை இரவு ஷிப்டில் நிறுத்துவதும், சான்றிதழைப் பிறகு அச்சடித்துக் கோப்பில் சேர்ப்பதும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆளை எடுக்கும் குடியிருப்புச் சங்கமோ நிறுவனமோ சான்றிதழின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல், பயிற்சி நடந்த தேதிகளையும் இடத்தையும் அந்தப் பாதுகாவலரிடமே கேட்க வேண்டும். தீயணைப்பானை எப்படி எடுப்பாய் என்று ஒருமுறை கேட்டாலே, அவர் பயிற்சிக்குப் போனாரா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏஜென்சியின் உரிமத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

எந்த மாவட்டத்துக்கு உரிமம் என்பதையும் எந்த நாள் வரை அது செல்லும் என்பதையும் பாருங்கள். ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டங்கள் வரை 10,000 ரூபாய், மாநிலம் முழுவதற்கும் 25,000 ரூபாய் என்று சட்டம் கட்டணம் வைத்திருக்கிறது. உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அது முடிவதற்கு 45 நாட்களுக்கு முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும். உரிமமின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். சீருடையையும் கவனியுங்கள். காவல்துறை அல்லது ராணுவச் சீருடையைப் போலத் தோன்றும் உடை தனிக் குற்றம். தோளில் நட்சத்திரங்கள் பதித்த சட்டை வாசலுக்குக் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்து அதைக் கேட்டு வாங்குகிற சங்கச் செயலாளர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

உடல் தகுதி என்ன?

வயது 18க்கு மேல், 65க்குள். மாதிரி விதிகளின்படி ஆண்களுக்கு 160 சென்டிமீட்டர் உயரமும் பெண்களுக்கு 150 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். நிறக்குருடு இருக்கக் கூடாது. ஒரு கிலோமீட்டர் தூரத்தை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும்.

முன்னாள் படைவீரர்களுக்கு என்ன சலுகை?

ராணுவத்திலும் காவல்துறையிலும் பணியாற்றியவர்களுக்குப் பயிற்சி நேரம் குறைவு: வகுப்பறையில் 40 மணி, களத்தில் 16 மணி, குறைந்தது ஏழு வேலை நாட்கள். சூப்பர்வைசர் நியமனத்தில் அவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும், பாதுகாவலர் நியமனத்தில் தரலாம் என்றும் சட்டமே சொல்கிறது.

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள மறுகுடியமர்வு இயக்குநரகம், ஓய்வு பெறுவதற்கு முன்பே வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி தருகிறது. முன்னாள் படைவீரர்கள் நடத்தும் ஏஜென்சிகளைப் பட்டியலிட்டுப் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்கவும் செய்கிறது. தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கப்பட்ட டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் அரசு அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பாதுகாவலர்களை அனுப்புகிறது. முதலில் போகவேண்டிய இடம் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான். படைப்பணி முடித்த சான்றுடன் அங்கே பதிவு செய்துகொண்டால் மற்ற வழிகளை அவர்களே காட்டுவார்கள்.

கட்டணமில்லாத பயிற்சி கிடைக்குமா?

மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா 2015இல் தொடங்கியது. ஆயுதமில்லாப் பாதுகாவலர் பணிக்கான பாடத்திட்டம் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு, முன்அனுபவத்தை அங்கீகரிப்பது. பத்தாண்டுகளாக வாசலில் நின்றவர் மறுபடி முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. குறுகிய அறிமுக வகுப்புக்குப் பிறகு மதிப்பீட்டில் தேறினால் சான்றிதழ் பெறலாம். ஆனால் அது திறனுக்கான சான்றே தவிர, பசாரா பயிற்சிக்கு மாற்றாகாது.

மாநில அளவில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தை அணுகலாம். எந்த ஆண்டு எந்தப் பயிற்சிக்கு இடம் திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், கிண்டியிலுள்ள தொழிற்பயிற்சி மற்றும் வேலைவாய்ப்பு அலுவலக வட்டாரத்தில் ஒருமுறை நேரில் விசாரிப்பது இணையத்தில் தேடுவதைவிடப் பயன் தரும். மேற்படிப்பாகக் கருதுபவர்களுக்கு, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் பெற்ற ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் காந்திநகரில் இருக்கிறது. தனியார் மற்றும் தொழிலகப் பாதுகாப்புக்கென்றே அங்கே தனிப் பள்ளி உண்டு. சென்னைக்கு அருகில் புதுச்சேரியிலும் அதற்கு வளாகம் இருக்கிறது.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையின் கேட்டுகளில் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களைத் தமிழில் நடக்கும் வகுப்பில் உட்கார வைத்து வருகைப்பதிவில் கையெழுத்து வாங்குவதால் யாருக்கும் பயனில்லை. பயிற்சி மையத்தோடு பேசும்போதே இந்தி தெரிந்த பயிற்றுநர் உண்டா என்று கேட்டு, ஆட்களை மொழிவாரியாகப் பிரித்து அனுப்புங்கள்.

பாதுகாவலருக்குக் கைது செய்யும் அதிகாரம் உண்டா? பையைச் சோதிக்கலாமா?

சட்டப் பாடம் பயிற்சியில் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் இன்னும் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவு எண்களையே சொல்லித் தருகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டமும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. தற்காப்பு உரிமை இப்போது நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. எந்த இடத்தில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதைச் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு உறுதிசெய்கிறது.

பாதுகாவலருக்குச் சாதாரணக் குடிமகனுக்கு மேற்பட்ட அதிகாரம் எதுவும் இல்லை. சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவின்படி, தம் கண்ணெதிரே பிணையில் விட இயலாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரையோ, தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவரையோ எவரும் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். இந்த ஆறு மணி நேர வரம்பு புதிய சட்டத்தில் சேர்ந்தது.

இதன் சிக்கல் ஜவுளிக் கடையில் வெளிப்படும். புதிய சட்டத்தின் அட்டவணை 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள திருட்டைப் பிணையில் விடத்தக்க குற்றமாகவும், பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாத குற்றமாகவும் வகைப்படுத்துகிறது. தீபாவளிக் கூட்டத்தில் 800 ரூபாய்ச் சுடிதாரைப் பைக்குள் செருகியவரைப் பிடித்து, பின்னறையில் பூட்டி வைத்து, எழுதி வாங்கிப் படம் எடுப்பது கடைக்காரர்களின் பழைய பழக்கம். இன்று அது கடையையும் பாதுகாவலரையும் முறையற்ற அடைப்புக் குற்றத்தில், அதாவது நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவில், சிக்கவைக்கக் கூடும். பொருளைத் திரும்பக் கேட்டுப் பெறுவது, மேலாளரை அழைப்பது, 112 என்ற அவசர எண்ணுக்குச் சொல்வது, கேமரா பதிவை எடுத்து வைப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பைச் சோதனையும் இப்படித்தான். உள்ளே வருவதற்கான நிபந்தனை என்று வாசலில் எழுதி வைத்து, வருபவரின் சம்மதத்தோடு அவரையே பையைத் திறந்து காட்டச் சொல்லலாம். மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துப் பையைப் பறிக்க முடியாது. பெண்களைப் பெண் பாதுகாவலர் மட்டுமே சோதிக்க வேண்டும்.

தீயணைப்புப் பயிற்சியை யார் தருவார்கள்?

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாநிலப் பயிற்சி மையம் தாம்பரத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு குடியிருப்புக்கோ கடைக்கோ முதல் தேவை, தங்கள் பகுதித் தீயணைப்பு நிலைய அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி ஒத்திகை கேட்பதுதான். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் உயிரிழந்த வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத் தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் வளாகங்களில் செயல்முறை விளக்கம் நடத்த நிலையங்கள் ஆர்வமாக இருக்கும். பங்குனி முடிவதற்குள் எழுதிவிடுங்கள்.

ஒத்திகையில் வேடிக்கை பார்க்காமல், இரவு ஷிப்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தீயணைப்பானைக் கையில் எடுத்து இயக்கிப் பார்க்க வேண்டும். தூள் நிரப்பிய சிவப்புச் சிலிண்டரில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்து, பின்னை உருவி, தீயின் அடிப்பகுதியை நோக்கிக் குழாயைப் பிடித்து, கைப்பிடியை அழுத்திப் பக்கவாட்டில் வீச வேண்டும். மின்பலகை அருகே வைத்திருக்கும் கரியமில வாயு சிலிண்டருக்கு அழுத்தமானி கிடையாது. எடை போட்டுத்தான் அதன் நிறைவை அறிய முடியும். வாயு வெளியேறும்போது அதன் கூம்பு உறைபனிபோல் குளிர்ந்துவிடும் என்பதால் கூம்பை வெறுங்கையால் பிடித்தால் தோல் புண்ணாகும். புத்தகத்தில் படித்தால் இது மறந்துபோகும், ஒருமுறை செய்து பார்த்தால் மறக்காது. மின்பலகைத் தீயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்ற ஓடுபவரைத் தடுப்பதற்கு இந்த ஒரு மணி நேரம் போதும்.

முதலுதவி?

எழும்பூரில் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாநிலக் கிளை இருக்கிறது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் சான்றிதழ் வகுப்புகள் நடத்துகிறது. இவை அரசுத் துறைகள் அல்ல. ஆயினும் இவற்றின் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டு. ஷிப்டுக்கு ஒருவராவது இதய இயக்க மீட்பு முறையை (சி.பி.ஆர்.) கைப்பழக்கமாக அறிந்திருக்க வேண்டும்.

வெடிகுண்டு மிரட்டல் வந்தால் பாதுகாவலர் என்ன செய்ய வேண்டும்? அதற்குப் பயிற்சி உண்டா?

2024 பிப்ரவரியில் சென்னையின் பல தனியார் பள்ளிகளுக்கு ஒரே நாளில் மின்னஞ்சல் மிரட்டல் வந்தது. சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பெற்றோர் பள்ளி வாசல்களில் குவிந்தபோது, அந்தக் கூட்டத்தை எதிர்கொண்டவர்கள் அங்கே நின்ற பாதுகாவலர்கள். பொருளைத் தேடிச் செயலிழக்கச் செய்வது காவல்துறையின் வெடிகுண்டு கண்டறிந்து அகற்றும் பிரிவின் வேலை. பாதுகாவலரின் வேலை தொடாமல் இருப்பது, எட்ட நின்று எல்லை வகுப்பது, வழிகளைத் திறந்து வைப்பது, தகவலைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. தம் கட்டடத்தில் வழக்கமாக எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், வழக்கத்துக்கு மாறானதை மோப்ப நாய்க்கு முன்பே அவர் சுட்டிக்காட்டிவிடுவார். விழிப்புணர்வு வகுப்பு வேண்டுமென்றால் உங்கள் காவல் நிலைய ஆய்வாளர் வழியே எழுதிக் கேட்கலாம்.

காவல் நிலையத்தோடு எப்படிக் கூட்டாகச் செயல்படுவது?

காசு செலவில்லாமல் கிடைக்கும் உதவிகளில் பெரியது இதுதான். குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். திருட்டு நடந்த பிறகே நிலையத்தின் படியேறுவது நம் வழக்கமாக இருக்கிறது. அதற்கு மாறாக, புதிய ஏஜென்சி பொறுப்பேற்றதும் சூப்பர்வைசர் நிலையத்துக்குச் சென்று ஆய்வாளரையும் ரோந்துக் காவலரையும் பார்த்து, வளாகத்தின் வரைபடம், வாசல்களின் எண்ணிக்கை, ஷிப்ட் மாறும் நேரம், பொறுப்பாளரின் தொடர்பு எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். இரவு ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் நோட்டை உங்கள் கேட்டில் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பல நிலையங்கள் ஒப்புக்கொள்ளும்.

பணியாளர்களின் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறை இணையவழிச் சேவை நடத்துகிறது. நிறுவனங்களும் அதில் விண்ணப்பிக்கலாம். வெளிமாநிலத்தவருக்கு அவரவர் சொந்த ஊர் நிலையத்திலிருந்தும் சான்று வாங்குவது நல்லது. சென்னை முகவரிக்கு மட்டும் பார்த்தால், வந்து மூன்று மாதமான ஒருவரைப் பற்றி எந்த நிலையமும் என்ன சொல்ல முடியும்?

கண்காணிப்புக் கேமராவில் சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் பொதுமக்களையும் வணிகர்களையும் சேர்த்துக்கொண்டு தெருத்தெருவாகக் கேமரா பொருத்த வைத்தது. உங்கள் வளாகத்தின் ஒரு கேமராவாவது தெருவை நோக்கி இருக்கட்டும். பதிவுக் கருவியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். நேரம் தவறிய பதிவு புலனாய்வில் தலைவலியாகிவிடும்.

கூட்டுக்கு எல்லையும் உண்டு. காவலர்களுக்கு உதவும் தன்னார்வலர்களைக் கொண்டு 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் அமைப்புக்கு, சாத்தான்குளத்தில் காவல் விசாரணையில் தந்தையும் மகனும் உயிரிழந்த நிகழ்வுக்குப் பிறகு 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. காவலரல்லாதவர் காவலரின் அதிகாரத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்பதற்கு அந்தத் தடை ஓர் எச்சரிக்கை. எனவே விசாரணைக்குத் துணையாக வா, அவரைப் பிடித்துக்கொள் என்று யார் சொன்னாலும் பாதுகாவலர் போகக் கூடாது. தகவல் தருவதும் பதிவைத் தருவதும் சாட்சி சொல்வதும் அவருடைய பங்கு.

மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் உதவி தனியாருக்குக் கிடைக்குமா?

கிடைக்கும், கட்டணத்தோடு. 1969 மார்ச் 10 அன்று உருவான இந்தப் படை சென்னை விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் காக்கிறது. பாதுகாப்பு, தீத்தடுப்பு ஆகிய இரண்டிலும் தனியார் நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கும் பிரிவும் அதில் உண்டு. அவர்கள் தொழிற்சாலையை நேரில் ஆய்ந்து, எங்கே எத்தனை ஆள், எங்கே வேலி, எங்கே விளக்கு என்று அறிக்கை தருவார்கள். சிறிய குடியிருப்புக்கு இது தேவையில்லாத செலவு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பெரிய ஆலைக்கு இது தேவை. படையின் மண்டலப் பயிற்சி மையம் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அங்கே போரில் வீழ்ந்த இராஜாதித்த சோழனின் பெயரை 2025இல் அதற்குச் சூட்டினார்கள். அதிகாரிகளுக்கான தேசியத் தொழிலகப் பாதுகாப்பு அகாடமி ஐதராபாத்தில் உள்ளது.

துறைமுகம், விமான நிலையம் சார்ந்த வேலைக்கு இதே பயிற்சி போதுமா?

போதாது. விமான நிலையத்தில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் அங்கீகரித்த பயிற்சியும் சான்றும் வேண்டும். துறைமுகங்களில் 2004 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சர்வதேசக் கப்பல் மற்றும் துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி பயிற்சி பெற்ற பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டும். எண்ணூர், காட்டுப்பள்ளி வட்டாரத்தில் வேலை தேடுபவர்கள் இதைத் தனித் தகுதியாகக் கருதித் தயாராகலாம்.

இணையப் பாதுகாப்பு எங்கள் வேலையா?

கேமராவும் விசிட்டர் செயலியும் வந்த பிறகு அதுவும் உங்கள் வேலைதான். வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் ஓடும் பதிவுக் கருவிகள் நகரெங்கும் இருக்கின்றன. நிறுவனங்களுக்கு இணையத் தாக்குதல் நேர்ந்தால், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அந்த அமைப்பு எச்சரிக்கைக் குறிப்புகளை இலவசமாக வெளியிடுகிறது. சைபர் ஸ்வச்சதா கேந்திரா தீநிரல்களை நீக்கும் கருவிகளையும் தருகிறது. இணையவழிப் பணமோசடி என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வெள்ள காலத்துக்கென்று ஏதாவது பயிற்சி?

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதைக் கடைசியாகக் கேட்பதே வியப்பு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தா மித்ரா திட்டம் தன்னார்வலர்களுக்கு மீட்புப் பயிற்சி தந்துள்ளது. இப்போது என்ன பயிற்சி உண்டு என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் விசாரிக்கலாம். மழைக்கால எண்களைக் கேட் அறையின் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077. அடித்தள வாகன நிறுத்தத்தில் தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை வந்தால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அந்த சுவிட்ச் எங்கே, சாவி யாரிடம் என்பதை இரவுப் பாதுகாவலர் ஐப்பசிக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

ஷிப்டை விட்டுவிட்டு ஆட்களைப் பயிற்சிக்கு எப்படி அனுப்புவது?

உண்மையான தடை இதுதான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்தவரை மறுநாள் காலை வகுப்பில் உட்கார வைத்தால் அவர் தூங்குவார், அவர்மேல் குற்றமில்லை. ஒப்பந்தம் போடும்போதே பயிற்சி நாட்களைச் சம்பளத்தோடு கூடிய வேலை நாட்களாகச் சேர்த்து, அந்த நாட்களுக்கான ரிலீவர், அதாவது மாற்று ஆள், செலவை யார் ஏற்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இதை ஏஜென்சியின் தலையில் மட்டும் கட்டினால், மிகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்த அவர்கள் பழைய வழிக்கே, அச்சடித்த சான்றிதழுக்கே, போவார்கள். குடியிருப்புச் சங்கங்கள் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், ஆண்டுக்கு இருமுறை இருவர் இருவராக அனுப்ப முடியும். தீயணைப்பு ஒத்திகையையும் காவல் நிலையக் கூட்டத்தையும் ஷிப்ட் மாறும் வேளையில் வளாகத்திலேயே வைத்துக்கொண்டால், போகிறவரும் வருகிறவரும் ஒரே நேரத்தில் இருப்பார்கள், ரிலீவர் தேவைப்படாது.